மாட்டுக்குப் போட்ட ஊசி, மாண்டது கழுகு!

செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால் போதும். வானத்தில் கழுகுகள் வட்டமிடும். ஒன்று இறங்கும்; அதைப் பார்த்துப் பத்து இறங்கும். சிறிது நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். துர்நாற்றம் கிடையாது, நோய் பரவாது. கூலி வாங்காத துப்புரவுப் படை அது!

இந்தியாவில் எங்கும் காணப்பட்ட இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின?

மர்மச் சாவு

1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் ராஜஸ்தானத்துப் பரத்பூர் சரணாலயத்தில் கழுகுகள் தலையைத் தொங்கப் போட்டபடி கிளைகளில் உட்கார்ந்திருந்தன. பிறகு கீழே விழுந்து செத்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இந்த விபரீதத்தை உலகுக்கு அறிவித்தார்.

வெண்முதுகுக் கழுகின் கதி பயங்கரம். 1992-ல் ஆயிரம் இருந்தன என்றால், 2007-ல் மிஞ்சியது ஒன்றே ஒன்று!

துப்புத் துலங்கியது

பாகிஸ்தானில் செத்த கழுகுகளை ஆராய்ச்சியாளர்கள் அறுத்துப் பார்த்தனர். சிறுநீரகம் கெட்டிருந்தது. உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. 2004-ல் உண்மை வெளியாயிற்று. கொலையாளி, 'டைக்ளோஃபெனாக்'! மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுத்த மருந்து அது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால், அதன் இறைச்சி கழுகுக்கு நஞ்சு.

நூறு பிணங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே போதும், இனம் அழிந்துவிடும். ஏனெனில் ஒரு பிணத்தைக் கூட்டமே தின்கிறது. கழுகோ ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும்.

சங்கிலி அறுந்தது

கழுகு போயிற்று, பிணங்கள் அழுகின. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. நாய் பெருகினால் வெறிநாய்க்கடி ஆபத்தும் பெருகும். பசு, கழுகு, நாய், மனிதன்—எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள்!

மீட்சி உண்டா?

கால்நடைகளுக்கு இம்மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015-ல் ஊசி மருந்துக் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. கழுகுக்குத் தீங்கு செய்யாத 'மெலாக்சிகாம்' இருக்கிறது. ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் கழுகுகளை வளர்த்துப் பெருக்குகிறார்கள். நம் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் அவை கூடு கட்டுகின்றன.

அவற்றின் உயிர் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. "டாக்டர், இது என்ன மருந்து?"—மாட்டுக்காரர் கேட்கும் இந்த ஒரு கேள்வி, ஒரு கழுகுக் கூட்டத்தையே காப்பாற்றக்கூடும்!