காட்டை விலை பேசலாமா?

இந்தோனேஷியாவின் மழைக்காட்டுக் கிராமமொன்றில் பணம் போட்டு, நிலம் வாங்கிக் குடியேற விரும்பும் அந்நியர் அந்நாட்டுச் சட்டத்தை முதலில் அறிதல் நலம். 1870-இல் டச்சுக்காரர் இயற்றிய சட்டம் அந்நிய முதலாளிகளுக்கு 75 வருஷக் குத்தகை அளித்தது. சுதந்தர தேசம் 1960-இல் அதை மாற்றியது. நிலத்தின் முழு உரிமை இப்போது அந்நாட்டுப் பிரஜைகளுக்கே. அந்நியருக்குக் குறித்த காலம் அனுபவிக்கும் உரிமை மட்டுமே உண்டு. உள்ளூரார் பெயரில் மறைத்து வாங்கினாலோ, கிரயம் செல்லாது. நிலம் சர்க்காரைச் சேரும். கொடுத்த பணமும் திரும்பாது.

இதை நாம் கொடுமையென்று கருதவில்லை. மேற்குக் கலிமந்தானில் சுங்கை உத்திக் என்னும் ஊரில், நீண்ட வீட்டில் கூடி வாழும் இபான் மக்கள், மரக் கம்பெனிகளுக்கு இணங்காமல் தங்கள் காட்டைக் காத்தனர். 2020-இல் சர்க்காரும் சுமார் 9,500 ஹெக்டேர் வனத்தை அவர்களுடையதென ஒப்புக்கொண்டது. அத்தகைய ஊருக்கு விருந்தினராகச் செல்வதே அழகு. எஜமானராகச் செல்வது அன்று.