அலுமாரிக்குப் பின்னால் இருந்த பெட்டி



பின்னேரம் ஏழு மணியானால் எங்கள் வீட்டில் சண்டைதான். மகளுக்கு சூம் வழியாகக் கணித வகுப்பு. மகனுக்குக் கேம். அம்மாவுக்கு, கனடாவில் இருக்கும் என் தங்கச்சியை வட்ஸ்அப்பில் பார்க்க வேண்டும். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தங்கச்சியின் முகம் அசையாமல் நின்றுவிடும். "பிள்ளை, அவள் கோவிச்சுக்கொண்டு போட்டாளே?" என்று அம்மா என்னைக் கேட்பார்.

நான் ஏசுவது மகனைத்தான். தையலில் வரும் காசில் இன்னும் பெரிய பக்கேஜ் எடுக்கலாம் என்றும் இருந்தேன். அதற்கு முதல், போன் திருத்தும் வேலை பழகிய பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்தி வந்து, "ரவுட்டர் எங்கே அக்கா?" என்று கேட்டாள். காட்டினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னறையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவளுக்குச் சிரிப்பு.

எங்கள் பகுதிகளில் பல வீடுகளில் இருப்பது சிம் போடும் 4ஜி ரவுட்டர். அதற்கு இரண்டு வேலை. கோபுரத்திலிருந்து அலையை வாங்க வேண்டும். பிறகு வீட்டுக்குள் பகிர வேண்டும். இரும்பும் தகரமும் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும், சீமெந்துக் கல் சுவர் பலவீனமாக்கும். 2010 இல் மீளக்குடியமர்ந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது, கைத்தொலைபேசியில் கதைக்க முற்றத்துக்கு ஓடுவோமே, அதே காரணம்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு யன்னலாகப் போனோம். ஓரிடத்தில் இரண்டு நிமிடம் வைத்து, சிக்னல் விளக்குகளை எண்ணினோம். கோபுரம் இருக்கும் பக்கத்து விறாந்தை யன்னலில்தான் கூட விளக்கு எரிந்தது. அங்கே நெஞ்சளவு உயரத்தில் ஒரு தட்டு அடித்து வைத்தோம். செலவு நாலு ஆணி.

போனில் வைஃபை பெயர் இரண்டு தெரிந்தால் குழம்ப வேண்டாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் கிட்ட இருக்க வேண்டும். விறாந்தையில் படிக்கும் மகளுக்கு இரண்டாவது, குசினியில் நிற்கும் எனக்கு முதலாவது. பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதாமல் சனலை மாற்று என்பது நகரத்துக்குச் சொல்லும் புத்தி. வளவுகள் தள்ளித் தள்ளி இருக்கும் எங்களுக்கு அது அவ்வளவு தேவைப்படாது.

இனி மகனின் வழக்கு. விளையாடும்போது கேம் எடுக்கும் டேட்டா மிகக் குறைவாம். அதற்கு வேண்டியது தாமதமில்லாத இணைப்பு. கனதியாக எடுப்பது வீடியோ. நெற்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் கணக்கில், சாதாரணத் தரப் படம் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை. தையல் பழக யூரியூப்பை எச்டியில் ஓடவிட்டது நான்தான்! என் போன் படங்களைத் தானாகவே இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்ததும் மற்றவர்களுக்குத் தடங்கல். வீடியோவை 480 இற்கு இறக்கினேன். படம் ஏற்றுவதை நிறுத்தினேன். மகனிடம், "நான் பிழையாய் ஏசிப்போட்டன் அப்பு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டான்.

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றினோம். அது பெட்டியின் அடியில் எழுதியிருக்கும், வந்துபோகிறவர் யாரும் பார்க்கலாம். பெண்கள் தனியே இருக்கும் வீட்டில் புதியதை வீட்டுக்காரியே வைத்திருப்பது நல்லது.

2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அதன் பிறகு பலர் ரவுட்டருக்குச் சின்ன பற்றரிப் பெட்டி வாங்கினார்கள். வாங்குவதானால் உங்கள் ரவுட்டர் 12 வோல்ற்றா 9 வோல்ற்றா என்று அடப்டரில் பார்த்து வாங்குங்கள். மாறினால் பெட்டி எரிந்துபோகலாம்.

எல்லாம் செய்தும் சில இரவுகளில் வேகம் விழுகிறது. ஊரே ஒரே கோபுரத்தில் தொங்கும் நேரம் அது. அதற்கு யன்னல் மருந்தல்ல. கேமின் பெரிய அப்டேற்றுகளை மகன் இப்போது விடியப்புறம் நாலு மணிக்கு, நான் அடுப்பு மூட்டும்போது எழுந்து இறக்குகிறான். தேத்தண்ணியும் அவனே போட்டுத் தருகிறான்.