தங்கவயலில் தட்டிய ஆர்டர் எங்கே போகிறது?

கோலார் தங்கவயலின் பங்குகள் ஒரு காலத்தில் லண்டனில்தான் கைமாறின. மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி 1880-இல் தொடங்கப்பட்டதும் அங்கேதான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்த தமிழர்களுக்கு அந்தச் சந்தை எட்டாத தூரம். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இன்று தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற அவர்களுடைய பேரப்பிள்ளை, உட்கார்ந்த இடத்திலிருந்தே பங்கு வாங்கி அன்றைக்கே விற்றுவிடலாம். தட்டிய ஆர்டர் போகும் வழியைப் புரிந்துகொள்ளாமல் பங்கில் பணம் போடக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பங்கு 452.50 ரூபாய்க்குக் கிடைத்தால் 100 வாங்கலாம் என்று லிமிட் ஆர்டர் போடுகிறீர்கள். அது முதலில் புரோக்கரின் சர்வருக்குப் போகிறது. கணக்கில் போதிய பணம் (மார்ஜின்) இருக்கிறதா, விலை அன்றைய வரம்புக்குள் இருக்கிறதா என்று அங்கே சோதிக்கிறார்கள். தேறினால் மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தைக்கோ பிஎஸ்இ-க்கோ அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் சிறு முதலீட்டாளரின் ஆர்டரைப் பெரிய வணிக நிறுவனங்கள் புரோக்கருக்குக் காசு கொடுத்து வாங்கி, சந்தைக்கு வெளியிலேயே முடித்துக்கொள்வது உண்டு. இந்தியாவில் அதற்கு இடமில்லை. ஆர்டர் சந்தைக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டு சந்தைகளில் எதில் விலை நன்றாக இருக்கிறதோ அங்கே தானாகவே அனுப்பும் முறையை 2010-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதித்தது. ஆனாலும் பெரும்பாலான செயலிகளில் சந்தையை நாமேதான் தேர்ந்தெடுக்கிறோம்.

சந்தையின் கணினியில் நல்ல விலைக்கு முதலிடம். விலை ஒன்றாக இருந்தால், முன்னால் வந்தவருக்கு. 452.50-இல் உங்களுக்கு முன்னால் 3,000 பங்குகள் கேட்டு நிற்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்கி முடிக்கும்வரை அல்லது விலகும்வரை உங்கள் முறை வராது. நடுவில் 100-ஐ 150 ஆக்கினாலோ விலையை மாற்றினாலோ வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். 100-ஐ 50 ஆகக் குறைத்தால் இடம் பறிபோகாது.

வேகப் போட்டியில் நாம் இறங்கவே கூடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பெங்களூரிலிருந்து மும்பைவரை 800 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், வேறெந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 4 மில்லி நொடி ஆகிவிடும். செல்போன் கோபுரமும் புரோக்கரின் சர்வரும் இன்னும் கூட்டும். பெரிய நிறுவனங்களோ தங்கள் கணினிகளைச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு வைத்திருக்கின்றன. அங்கே கணக்கு மைக்ரோ நொடிகளில். 2022-23-இல் பங்குகளை வாங்கி அன்றைக்கே விற்கும் வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொல்கிறது.

நம் கைவசம் இருப்பது, ஆர்டர் எங்கே காத்திருக்கிறது என்ற அறிவு. வழியில் சிக்னல் போய்விட்டது என்று வையுங்கள். விலை குறித்த அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் சந்தையின் கணினியிலேயே இருக்கிறது. உங்கள் ஃபோன் அணைந்தாலும் வேலை செய்யும். ஜிடிடி (குட் டில் டிரிகர்டு) என்கிற வகையோ, குறித்த விலை வரும்வரை புரோக்கரின் சர்வரில் காத்திருக்கும். அந்த சர்வர் முடங்கினால் அதுவும் முடங்கும். மனத்துக்குள் மட்டும் வைத்திருக்கிற ஸ்டாப் லாஸ் எங்கேயும் இல்லை.

ஸ்டாப் லாஸிலும் ஒரு கண்ணி உண்டு. 448-இல் விழித்துக்கொண்டு, 447.50-க்குக் குறையாமல் விற்கச் சொல்லியிருக்கிறீர்கள். கெட்ட செய்தி வந்து விலை ஒரே தாவலில் 445-க்கு இறங்கினால், ஆர்டர் விழித்துக்கொள்ளும், ஆனால் விற்காது. கிடைத்த விலைக்கு விற்கும் வகையைப் போட்டிருந்தால் விற்றிருக்கும், 445-க்கோ அதற்கும் கீழோ.

சிக்னல் திரும்பி வந்ததும் 'வாங்கு' பொத்தானை மறுபடி தட்டாதீர்கள். முதல் ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கலாம், பதில்தான் வழியில் தொலைந்திருக்கும். முதலில் ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள். 100 வாங்க நினைத்தவர் கையில் 200 பங்கு வந்து நிற்பது அநேகமாக இப்படித்தான்.