மனையும் உரிமமும்

உண்ண உணவும் உடுக்க உடையும் போன்று உறைவதற்கு ஒரு வீடும் மக்கட்கு இன்றியமையாதது. பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளோடு, போதாமைக்குக் கடனும் பெற்று ஒரு குடும்பத்தார் வீடு எழுப்புகின்றனர். அவர்தம் வாழ்நாளில் செய்யும் செலவுகளுள் பெரும்பாலும் அதுவே பெரிது. ஆயினும், நல்ல கொத்தனாரையும் நல்ல செங்கல்லையும் தேடி அலைவோர் பலர், உரிமம் பெறுவதில் அத்துணைக் கருத்துச் செலுத்துவதில்லை. "நிலம் என்னுடையது, பணம் என்னுடையது, நான் கட்டுவதற்கு மற்றொருவர் இசைவு எதற்கு?" என்று வினவுவாரும் உளர்.

இவ்வினா பொருளற்றதன்று. ஆனால், நிலம் ஒருவனுக்கு உரியதாயினும் அதன்மேல் வீசும் காற்று அவனுக்கு மட்டும் உரியதன்று. ஒருவன் தன் சுவரை எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தினால், அயல்வீட்டான் சாளரம் இருளடைகிறது. ஒருவன் வாயிற்படியைத் தெருவிலே இறக்கினால், தீயணைப்பு வண்டி அத்தெருவினுள் நுழைய மாட்டாது தயங்கி நிற்கிறது. மழைநீர் செல்லும் வழியை ஒருவன் மேடாக்கினால், அந்நீர் பத்து வீடுகளின் நடுக்கூடத்திற் புகுகிறது. நகரத்தில் எவனும் தனித்துக் கட்டுவதில்லை. பிறரோடு ஒட்டியே கட்டுகிறான்.

கட்டுவதற்கு முன் வரைந்துகொள்ளுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. நெடுநல்வாடை என்னும் சங்கப் பாட்டு, அரண்மனை கட்டுவோர் நண்பகல் நிழல் கொண்டு திசை குறித்து, கயிறிட்டு அளந்து, மனையை வகுத்த முறையைக் கூறுகிறது. கட்டுவோன் பிழைக்குத் தண்டம் விதிக்கும் வழக்கமோ அதனினும் பழமையானது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகட்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன், வீடு இடிந்து அதன் உரிமையாளன் இறப்பின், கட்டியவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் செய்தான். கடுமைதான், ஆயினும் அதன் கருத்துத் தெளிவானது. 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்து, பதின்மூவாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மரவீடுகள் நெருங்கி நின்றமை தீப்பரவப் பெருங்காரணமாயிற்று. அடுத்த ஆண்டே, வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்று அங்கே சட்டம் பிறந்தது. கட்டட விதிகள் பலவும் இவ்வாறு ஏதேனும் ஒரு துன்பத்தின் பின்னரே எழுதப்பட்டவை.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது. எனினும், நகர அமைப்பிற்கெனத் தனிச்சட்டம் 1920ஆம் ஆண்டிலேதான் வந்தது. தியாகராய நகர் அச்சட்டத்தின் பயனாக அமைந்த பகுதியாகும். பின்னர் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டில் வெளியாயின. சென்னைப் பெருநகரத்தில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், ஏனைய இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும், அவற்றோடு உள்ளாட்சி மன்றங்களும் இப்பணியைப் பகிர்ந்து செய்கின்றன. இங்கே ஒன்று அறியத்தக்கது. திட்ட அனுமதி வேறு; கட்டட அனுமதி வேறு. இன்ன இடத்தில் இன்ன வகைக் கட்டடம் இன்ன அளவில் அமையலாம் என்பது முன்னது. அதனை இன்ன முறையில் எழுப்பலாம் என்பது பின்னது.

ஒருவர் ஒரு கிரவுண்டு மனை, அஃதாவது 2,400 சதுர அடி நிலம், வாங்க விரும்புகிறார் எனக் கொள்க. அவர் முதலிற் காண வேண்டுவது கட்டடத்தை அன்று, காகிதங்களையே. விற்பவர் பெயரில் கிரயப் பத்திரம் உளதா, அவருக்கு விற்றவர் யார் என்பதைக் காட்டும் மூலப் பத்திரங்கள் தொடர்ச்சியாக உளவா, பட்டா யார் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்று யாது கூறுகிறது என்று நோக்குதல் வேண்டும். பத்திரத்தில் உள்ள அளவும் புல வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் சங்கிலி கொண்டு அளந்த அளவும் ஒத்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒவ்வாமையால் திரும்பி வந்த விண்ணப்பங்கள் மிகப் பல.

இவற்றினும் பெரியது, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பது. வயலைக் கூறு போட்டுக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்கப்படும் மனைகள் எல்லாம் அங்கீகாரம் பெற்றவையல்ல. அவற்றில் தெருவிற்கு ஒதுக்கிய இடம் குறுகியிருக்கும். பூங்காவிற்கென இடமே இராது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள்வரை அமைந்த அத்தகைய மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய 2017ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. மலிவாய்க் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கியவர், வரைபடத்தோடு அலுவலகம் சென்ற நாளில்தான் அம்மலிவின் காரணத்தை அறிகிறார். விற்றவரோ அதற்குள் அவ்வூரிலேயே இரார்.

நிலம் செவ்வையாயின், தகுதி பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ வரைபடம் ஆயத்தம் செய்வார். தெருவின் அகலம், முன்னும் பின்னும் பக்கங்களிலும் விடும் வெளி, ஒவ்வோர் அறையின் அளவு, சாளரங்கள், படிக்கட்டு, கழிவுநீர்த் தொட்டி, மழைநீர் சேமிப்புக் குழி ஆகிய யாவும் அதில் இடம்பெறும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்கட்கும் மழைநீர் சேமிப்பு 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. எவ்வளவு கட்டலாம் என்பதற்குத் தளப்பரப்புக் குறியீடு என்னும் ஓர் அளவு உண்டு. உயரமற்ற கட்டடங்கட்கு அது பொதுவாக 2 ஆகும். ஆகவே, 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் கூட்டி 4,800 சதுர அடி வரை கட்டலாம். ஆனால், வெளி விட்டது போக எஞ்சிய இடத்தில்தான் அதனை அமைத்தல் வேண்டும். "பக்கவாட்டில் விட்ட இடம் வீண்" என்று பலர் வருந்துகின்றனர். அவ்விடத்தின் வழியாகவே காற்று உட்புகுகிறது. தீப்பிடித்த நாளில் ஏணி சாத்தும் இடமும் அதுவே.

சிறு வீடுகட்கு இந்நடைமுறை இப்போது எளிதாகியுள்ளது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் குடியிருப்புக்கு, உரிமையாளர் தாமே சான்றளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறும் திட்டம் 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கியது. அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய காலத்தை எண்ணின், இது பெரிய உதவியே. ஆயின், அதிகாரி பார்த்துக் கூற வேண்டிய பிழையைத் தாமே பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உரிமையாளர்மேல் வந்து சேர்கிறது.

கடை, மருத்துவமனை, திருமண மண்டபம் முதலியவற்றிற்கு இவ்வளவு எளிமை இல்லை, இருத்தலும் கூடாது. முதலில், அந்நிலம் எவ்வகைப் பயன்பாட்டிற்கு ஒதுக்கப்பட்டது என்பதை நகரின் முழுமைத் திட்டத்தில் காண வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பெரிய வணிகக் கட்டடம் எழுப்ப இயலாது. வருவோர் தம் வண்டிகளை நிறுத்தக் கட்டடத்தின் அளவிற்கேற்ப இடம் காட்டுதல் வேண்டும். கட்டடம் 18.30 மீட்டருக்கு மேல் உயருமாயின், அது உயர்மாடிக் கட்டடம் எனப்படும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று முதலாகப் பல சான்றுகள் அதற்குத் தேவை.

இவ்வளவு கடுமை எதற்கு என்பார்க்குக் கும்பகோணம் விடை கூறும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அங்கே ஒரு பள்ளியின் சமையற் கூடத்தில் பற்றிய தீ, கூரை வேய்ந்த வகுப்பறைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே கூரைப் பள்ளிகள்மேல் அரசின் கண் விழுந்தது.

உரிமம் என்னும் காகிதமே கட்டடத்தைத் தாங்குமோ எனின், தாங்காது. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் ஆந்திரத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கூலிக்கு வந்த தொழிலாளர்கள். அக்கட்டடத்திற்கு அனுமதி இருந்தது. அதன் அருகே நின்ற மற்றொரு கட்டடம் 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணைச் சோதித்தலும், தூணின் வலிமையைக் கணித்தலும், கம்பியும் சிமெண்டும் குறையாது இடுதலும் வரைபடம் ஒப்புதல் பெற்ற பின்னரும் நாள்தோறும் கண்காணிக்கத்தக்கவை.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மீறுதல் மிக எளிது. ஓர் அறையை இரண்டடி நீட்டுவர். மாடியில் ஒரு கொட்டகை எழுப்புவர். விதி மீறிய கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும் இடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாறிருந்தும், 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளுக்கு முன் விதி மீறிக் கட்டியவற்றைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. விதிப்படி வெளி விட்டுச் சிறிதாகக் கட்டிக்கொண்டவர்கள் அன்று என்ன நினைத்தார்களோ!

கட்டுமானம் நடைபெறுகையில், ஒப்புதல் வரைபடத்தின் படி ஒன்று அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின், விலக்களிக்கப்பட்ட கட்டடங்கள் நீங்கலாக, ஏனையவற்றிற்கு நிறைவுச் சான்று பெற்றாலன்றி மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைப்பது அரிது. வங்கியும் அவ்வரைபடத்தைக் கண்ட பின்னரே கடன் தரும். ஆதலின், விவரம் அறிந்தோர் அதனைக் கிரயப் பத்திரத்தோடு ஒரே உறையிலிட்டுப் பெட்டியில் வைப்பர். முப்பது ஆண்டுகள் கழித்து மகன் மாடி எழுப்ப விரும்பும்போது, பொறியாளர் முதலிற் கேட்பது அவ்வரைபடத்தையே.