பேரிடர் ஆயத்தமும் சமநீதியும்

வெள்ளமும் புயலும் சாதி பார்ப்பதில்லை என்பர். இக்கூற்று பாதி உண்மையே. தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பவர் யார், எவருடைய இழப்பு கணக்கில் ஏறும் என்பவற்றைச் சாதி முன்னரே வரையறுத்துவிடுகின்றது. இதனைத் திருமறையின் ஒளியில் ஆராய்வது திருப்பணியாளரின் கடமையாகும்.

1. சட்டமும் நிதியும்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின், நாகப்பட்டினம் மாவட்டத்து நிவாரணப் பணிகளில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மீனவர் இழந்த படகும் வலையும் கண்ணுக்குத் தெரிந்தன. அவர்களை அண்டிப் பிழைத்த கூலிமக்களின் வேலையிழப்பு அவ்வாறு தெரியவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆம் பிரிவில், பாலினம், சாதி, சமூகம், மரபு, சமயம் ஆகியவை பற்றி நிவாரணத்தில் வேற்றுமை காட்டலாகாது என விதித்தது. 15ஆவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்கென ரூ. 1,60,153 கோடி பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு இடர் தணிப்பிற்கும், பத்தில் ஒரு பங்கு ஆயத்தத்திற்கும் உரியதாயிற்று.

இவை நன்மையே. ஆயினும் சட்டம் தடுப்பது வழங்குவோரின் பாகுபாட்டை மட்டுமே. விதியிலேயே உறைந்துள்ள பாகுபாட்டை அன்று. வீட்டிழப்பு உதவிக்கு, இடிந்த வீடு முறைப்படி அனுமதி பெற்றது என்னும் சான்று வேண்டும். ஏரிக்கரைப் புறம்போக்கில் பட்டாவின்றி வாழும் இருளர் குடும்பம் அதனை எங்ஙனம் காட்டும்? 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலும் இதுவே நிகழ்ந்தது. புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, சேதத்தைச் சீராக்கும் செலவு ஆகிய இரண்டில் குறைந்ததே உதவிக்கு அளவாயிற்று. கறுப்பின மக்களின் பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு. ஆகவே உதவியும் குறைந்தது. அவ்வழக்கு 2011இல் 6.2 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, விளைவில் இருந்தது.

2. திருமறை காட்டும் இரு நிகழ்ச்சிகள்

யோசேப்பும் விளைச்சலில் ஐந்திலொன்றைச் சேர்த்து வைத்தான் (ஆதி. 41). அக்களஞ்சியம் உயிர்களைக் காத்தது. ஆனால் 47ஆம் அதிகாரத்தில் மக்கள் தானியத்திற்காக நிலத்தையும் தம்மையும் விற்று அடிமைகளாயினர். குருக்களின் நிலம் மட்டும் தப்பியது. குருத்துவப் பணியில் இருப்போர் இதனை விரைந்து கடந்துவிடலாகாது. நீதியற்ற ஆயத்தம் அடிமைத்தனத்திலும் முடியக்கூடும்.

அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழியினரின் விதவைகள் அன்றாட உதவியில் விடுபட்டனர். அப்போஸ்தலர் முறுமுறுப்பைக் கண்டிக்கவில்லை, பொறுமையையும் போதிக்கவில்லை. நிர்வாகத்தையே மாற்றினர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாய் இருத்தல் கருதத்தக்கது. விடுபட்டோரின் சார்பினரே வழங்குவோராயினர் எனக் கொள்ளலாம்.

3. நமது பணிக்களம்

திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறிற்று, நீரின் வழி மாறவில்லை. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படுகையில் கொசஸ்தலை ஆறு பெருகிப் பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. இத்தகைய வட்டாரத்தில் சபையின் பணி, வெள்ளம் வடிந்தபின் அரிசிப்பை கொடுப்பதோடு அமைந்துவிடுதல் முறையன்று.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, குடும்ப அட்டையும் வீட்டுமனைப் பட்டாவும் இல்லாத குடும்பங்களைக் கண்டறிந்து, அவர்களோடு வட்டாட்சியர் அலுவலகம் செல்லுதல் வேண்டும். சபையின் நிவாரணக் குழுவில் இருளரும் தலித் மக்களும், சபை உறுப்பினர் அல்லாராயினும், முடிவெடுப்போராய் அமர வேண்டும். ஆலயக் கூடம் புகலிடமாகும்போது ஒரே சமையல், ஒரே பந்தி என்பது முன்னரே தீர்மானமாகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த இரவில் இவற்றைத் தீர்மானிக்க இயலாது.