நிறைந்ததை அறியாத குடம்

நிறைகுடம் தளும்பாது என்பர். ஆனால், தான் நிறைந்ததை அறியாத குடம் தளும்பத்தானே செய்யும்? சலவை இயந்திரத்தின் நீர்மட்ட உணரி பழுதுபட்டால் நிகழ்வது இதுவே. நீர் நிரம்பியும் குழாய் அடைபடாமல் வழியும். அல்லது நீர் வடிந்த பின்னும் தொட்டி நிறைந்திருப்பதாகக் கருதி இயந்திரம் துணி பிழிய மறுக்கும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இப்பழுதின் காரணத்தையும், அதைக் கண்டறியும் வழியையும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

பெரும்பாலான தானியங்கி இயந்திரங்களில் இவ்வுணரி நீரைத் தொடுவதே இல்லை! தொட்டியின் அடியில் ஒரு சிறு காற்றறை உண்டு. அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று மேலேறி உணரியைச் சென்றடைகிறது. தொட்டியில் நீர் ஏற ஏற, அறையில் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி அழுந்துகிறது. அவ்வழுத்தம் உணரியிலுள்ள சவ்வைத் தள்ளுகிறது. பழைய வகைகளில் சவ்வு மின்தொடர்பை ‘டக்’கென்று மாற்றும். புதிய வகைகளில் அது கம்பிச்சுருளுக்குள் ஓர் உள்ளகத்தை நகர்த்தி, மின்னலைவின் அதிர்வெண்ணை மாற்றும். அம்மாற்றத்தைக் கொண்டு கட்டுப்பாட்டுப் பலகை நீர்மட்டத்தை அறிகிறது.

இவ்வழுத்தம் எவ்வளவு? 20 செ.மீ. உயர நீருக்கு 1000 × 9.8 × 0.2 எனக் கணக்கிட்டால் 1960 பாஸ்கல் வரும். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். அதில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கை நம்பியே இயந்திரம் இயங்குகிறது. எனவே குழலில் ஊசித்துளை விழுந்தாலே போதும். காற்று கசிந்து, நிறைந்த தொட்டியும் காலியாகத் தோன்றும். மாறாக, அழுத்தம் இருக்கும்போதே குழல் அடைத்துக்கொண்டால், காலித் தொட்டியும் நிறைந்ததாகத் தோன்றும்.

முழங்கால் வலியால் குந்தித் துவைக்க இயலாத என் அத்தைக்குச் சலவை இயந்திரமே துணை. அது நீர் வடிந்த பின்னும் பிழிய மறுத்தது. பார்க்க வந்தவர், கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய் கேட்டார். நான் குழலைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சோப்புப் படிவும் பஞ்சுத் தூசியும் அடைத்திருந்தன. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரிலுள்ள கால்சியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாக மாறுவதை நாம் வேதியியலில் படித்திருக்கிறோம் அல்லவா? வெந்நீரில் கழுவி, உலர்த்தி, மாட்டியதும் இயந்திரம் பிழியத் தொடங்கியது. செலவு ஏதுமில்லை.

சோதிக்கும் முறை வருமாறு. முதலாவதாக, மின்செருகியைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடுக. மின்னிணைப்புடன் உறையைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. இரண்டாவதாக, நீர் வரும் வழியிலுள்ள வலைவடிகட்டியைப் பார்க்க. அது அடைபட்டாலும் நீர் நிரம்பாது. நீர் வெளியேறும் குழாய் மிகத் தாழ்ந்து கிடந்தால் நிரப்பிய நீர் தானே வடிந்துவிடும். இவை உணரியின் குற்றமல்ல. மூன்றாவதாக, குழலை உணரி முனையில் கழற்றி மெல்ல ஊதுக. காற்று தடையின்றிச் செல்லாவிடில் அடைப்பு உண்டு. நான்காவதாக, குழலின் ஒரு முனையை மூடி, வாளி நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதுக. குமிழி எழும் இடமே ஓட்டை. ஐந்தாவதாக, பழைய வகை உணரியில் மிக மெல்ல ஊதினால் ‘டக்’ ஒலி கேட்க வேண்டும். வலிந்து ஊதினால் சவ்வு கெடும். இவையெல்லாம் சரியாக இருந்தால், மின்னிணைப்பு முனைகள் தளர்ந்துள்ளனவா, துருப்பிடித்துள்ளனவா எனப் பார்க்க. அதற்குமேல் உணரியையும் பலகையையும் மின்கருவிகொண்டு சோதிப்பது தேர்ந்த தொழிலாளியின் வேலை.

நண்பர்களே! தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் நீர்ம அழுத்தப் பாடம் வீட்டின் பின்கட்டிலும் பயன் தரும். விலை மிக்க உறுப்பைக் குறை கூறுமுன் விலை குறைந்த குழலைச் சோதிப்போம். எளிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்பே அரிய காரணத்தைத் தேடுவது ஆய்வுக்கூடம் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.