சான்றிதழும் திறமையும்

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 2022ஆம் ஆண்டு முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே இளநிலைப் பட்டப்படிப்புச் சேர்க்கை நடைபெறுகின்றது. நடனம், இசை, நாடகம், விளையாட்டு முதலியவற்றில் வல்லவர்களுக்கு அங்குக் கூடுதல் இடங்களும் உண்டு. நுழைவுத் தேர்வு அவர்களுக்கும் கட்டாயமே. அவ்விடங்களை நாடுவோர் விண்ணப்பத்துடன் தம் சான்றிதழ்களையும் இணையத்தில் பதிவேற்றுதல் வேண்டும்.

சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு. ஆயினும், அதனோடு தேர்வு முடிவதில்லை. பரதநாட்டியம் பயின்ற மாணவி நடுவர் முன் ஆடிக் காட்ட வேண்டும். மிருதங்கம் பயின்ற மாணவன் வாசித்துக் காட்ட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ? அதே வேளையில், திறமை மிக்கவரும் சான்றிதழைத் தொலைத்துவிட்டால் அதற்குரிய மதிப்பெண்ணை இழப்பர்.

ஆதலின், பெற்ற சான்றிதழைப் பேணிக் காத்தலும், கற்ற கலையை நாள்தோறும் பயிலுதலும் இன்றியமையாதனவாகும்.